பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைச் சிக்கனமாகச் சீராக்குவது: உரிமம் முதல் பீரோ வரை

என் பெரியப்பாவின் துப்பாக்கி என் கைக்கு வந்தபோது அதன் இடது குழலுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. கோலிக்குண்டு அளவுக்குக் காய்ந்த மண். அதைப் பார்க்காமல் யாராவது சுட்டிருந்தால் குழல் அந்த இடத்தில் வெடித்திருக்கும். பிடித்திருந்த இடது கையின் கதி என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடலூர், பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பு வீடுகளில் இப்படிப்பட்ட 12 போர் (‘போர்’ என்பது குழலின் உள்வாய் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இன்னும் இருக்கின்றன. என்னுடையதைச் சீராக்கிய பிறகு உறவிலும் ஊரிலும் மூன்று பேருக்கு உடன் நின்றேன். மூவருமே எண்ணெயையும் உப்புத்தாளையும் எடுத்து முதல் நாளே தேய்க்கத் தயாராக இருந்தார்கள். தேய்ப்பது ஆறாவது வேலை.

1. காகிதம் முதலில்

துப்பாக்கி வைத்திருந்தவர் இறந்துவிட்டால் அது தானாக மகனுக்கோ மகளுக்கோ வந்துவிடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ‘கருமாதி முடியட்டும், தலைத்திவசம் முடியட்டும்’ என்று பரணில் வைத்திருந்தால், அத்தனை நாளும் உரிமம் இல்லாத ஆயுதத்தை வைத்திருந்த குற்றம்.

ஒப்படைத்த பின் வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வாரிசுகளுக்குத் தனியாக வழி வைத்திருக்கின்றன. உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றக் கேட்கவும் முடியும். பெரியவர் நடமாட்டத்தோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். இறந்த பிறகு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் என்று அலைய வேண்டும். ஒரு தம்பி துபாயில் இருந்தால் போதும், ஓர் ஆண்டு ஓடிவிடும்.

கடலூர்க்காரர்களுக்கு இது மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் வேலை. காவல் துறை விசாரணை, மருத்துவச் சான்று, ஆயுதத்தைக் கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் கேட்பார்கள். விண்ணப்பதாரருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும்.

பரம்பரையாக வராமல் பழையதை விலைக்கு வாங்குவதானாலும் வரிசை இதேதான். உரிமம் கையில் வந்த பிறகுதான் துப்பாக்கியைத் தேட வேண்டும். முன்பணம் கொடுத்துவிட்டு உரிமத்துக்குக் காத்திருந்த ஒருவர், பணமும் போய் உரிமமும் கிடைக்காமல் நின்றதைப் பார்த்தேன்.

2. எல்லை எங்கே என்று பாருங்கள்

உரிமப் புத்தகத்தில் ‘செல்லுபடியாகும் பகுதி’ என்று ஓர் இடம் இருக்கும். நம் ஊரில் எல்லோரும் தவறவிடுவது இதைத்தான்.

கடலூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குக் கிளம்பினால் சற்று நேரத்தில் முள்ளோடை, அங்கிருந்து புதுச்சேரி. பெட்ரோல் விலை மாறுகிறது என்பது மட்டும்தான் நம் நினைவில் இருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் உரிமத்தோடு துப்பாக்கியைக் காரில் வைத்துக்கொண்டு அந்த எல்லையைக் கடந்தால், அந்த நிமிடத்திலிருந்து உங்களிடம் உரிமம் இல்லை. புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்ப் பக்கத்தில் இருப்பவருக்கு இதே சிக்கல் மறுபக்கத்திலிருந்து வரும்.

சென்னைக்குப் பழுது பார்க்க எடுத்துச் சென்றால் நெல்லிக்குப்பம், பண்ருட்டி, விழுப்புரம் வழியாகப் போங்கள். சுற்றுதான், ஆனால் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. புதுச்சேரி வழிதான் வேண்டும் என்றால் பகுதியை விரிவுபடுத்தி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். எந்த வழியானாலும் குழலும் கட்டையும் பிரித்து உறையிலிட்டு, தோட்டா தனியாக, உரிமப் புத்தகம் சட்டைப்பையில்.

3. காலியாக இருக்கிறதா?

இனித்தான் துப்பாக்கியைத் தொடுகிறோம். ‘பத்து வருடமாக யாரும் தொடவில்லை’ என்பது அது காலியாக இருப்பதற்குச் சாட்சி அல்ல. உள்ளே தோட்டாவோடு மறந்துபோனதற்கும் அதுவே சாட்சியாகலாம்.

குழலின் வாய் ஆளில்லாத மண் தரையை நோக்கி இருக்கட்டும். விரல் விசைக்கு வெளியே. மேலே உள்ள நெம்பைத் தள்ளித் திறந்து இரண்டு தோட்டா அறைகளையும் கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். உள்ளே இருட்டாக இருக்கும். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. நெம்பு துருவேறித் திறக்கவில்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள். தோட்டா உள்ளே இருப்பதாகவே கருதி, ஆயுத வணிகருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு அடுத்த வேலையை நிறுத்துங்கள்.

பாதுகாப்புப் பொத்தானை நம்ப வேண்டாம். பல பழைய துப்பாக்கிகளில் அது விசையை மட்டுமே தடுக்கிறது. உள்ளே இருக்கும் குதிரையை, அதாவது விசை இழுத்ததும் விழுந்து அடிக்கும் சுத்தியலைத் தடுப்பதில்லை. கீழே விழுந்தால் பொத்தான் போட்டிருந்தும் வெடிக்கலாம்.

4. பகல் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம்

காசு மிச்சமாவது இங்கேதான். எது அழுக்கு, எது பழுது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிச் செலவு குறையும். முன்கட்டையைக் கழற்றி, குழலைப் பிரித்து, வேட்டித் துணியை விரித்து அதன்மேல் வையுங்கள். ஒரு நோட்டும் கைப்பேசிக் கேமராவும் பக்கத்தில் இருக்கட்டும்.

முதலில் எண். குழலிலும் பூட்டுப் பகுதியிலும் பொறித்திருக்கும் எண், உரிமத்தில் எழுதியிருப்பதோடு ஓர் எழுத்து விடாமல் ஒத்துப்போக வேண்டும். துருவில் எண் மங்கியிருந்தால் படம் எடுத்து உரிமம் கொடுத்த அலுவலகத்தில் எழுத்தில் தெரிவியுங்கள். நீங்களாக உளியை வைத்துத் திரும்பப் பொறிக்கக் கூடாது. தேய்த்து அழிக்கவும் கூடாது. அடையாள எண்ணில் கை வைப்பதை ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு தடுக்கிறது. அதனால்தான் உப்புத்தாளை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

அடுத்து குழலின் உட்புறம். ஜன்னல் சட்டத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பார்த்தால் ஒளி வளையம் வளையமாகத் தெரியும். வளையங்கள் ஒழுங்கான வட்டமாக இருந்தால் நல்லது. ஓரிடத்தில் வட்டம் கோணினால் வெளியிலிருந்து அடிபட்ட பள்ளம். குழலைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் நிழல் போல விழுந்தால் அது வீக்கம்: எப்போதோ அடைப்போடு சுடப்பட்டிருக்கிறது. பள்ளத்தைக் கைதேர்ந்தவர் எடுத்துவிடுவார். வீங்கிய குழலை நான் வாங்க மாட்டேன்.

உள்ளே புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தால் உடனே பயப்பட வேண்டாம். சில கறைகள் பழைய ஈயமும் கரியும்; துலக்கினால் போய்விடும். துலக்கியும் போகாதது துரு தின்ற குழி. குழி தோட்டா அறைக்கு அருகில் இருந்தால் ஆபத்து அதிகம், ஏனென்றால் அழுத்தம் அங்கேதான் உச்சத்தில் இருக்கும்.

குழலின் வெளிப்புறத்தில், பாய் முடைந்ததுபோலவோ சுருள் சுருளாகவோ கோலம் தெரிகிறதா? அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்துச் செய்தது. புகை கக்கும் பழைய கருமருந்துக் காலத்துக்காகப் பிறந்தது. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டுச் சுடத் தோன்றினால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். சுவரில் மாட்டக்கூட உரிமம் வேண்டும், ஆனால் சுட வேண்டாம்.

குழலின் அடியில் தட்டையான பகுதியில் சோதனை முத்திரைகள் இருக்கும். பிரிட்டனில் செய்யப்பட்டது என்றால் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை. இந்தியத் தயாரிப்பில் அரசு ஆயுதத் தொழிற்சாலையின் குறி. முத்திரைகளைத் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பவர் முதலில் கேட்பது அதுதான்.

தோட்டா அறையின் நீளம் பலரும் கேள்விப்படாத விஷயம். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றின் அறை 65 மில்லிமீட்டர்; இன்று கடையில் பரவலாகக் கிடைக்கும் தோட்டா 70. ‘போட்டுப் பார்த்தேன், உள்ளே போனது, மூடியது, அப்படியென்றால் சரிதானே’ என்பார்கள். சரியில்லை. தோட்டாவின் நீளத்தைச் சுட்ட பிறகு, வாய் மடிப்பு விரிந்த நிலையில் அளந்து எழுதுகிறார்கள். சுடாத தோட்டா அதைவிடக் குட்டை. சின்ன அறைக்குள்ளும் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகலுக்குள் போய் நெரிக்க, அழுத்தம் ஏறிவிடும்.

கடைசியாக ஆட்டம். முன்கட்டையை மாட்டாமல் குழலைப் பூட்டி, கட்டையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உலுக்குங்கள். லொடலொடவென்று சத்தம் கேட்டால் குழலுக்கும், தோட்டாவின் அடியைத் தாங்கும் பின்தட்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது. அந்த இடைவெளியைத் தகடு வைத்து அடைக்கலாம் என்று ஒரு லேத் பட்டறைக்காரர் எங்களிடம் சொன்னார். அடுத்த பகுதி அதைப் பற்றியதுதான்.

5. பழுது உங்கள் வேலை அல்ல

துடைப்பது, எண்ணெய் இடுவது, கட்டையை மெருகேற்றுவது உரிமதாரர் செய்யலாம். பழுது நீக்குவது, மாற்றியமைப்பது, சோதித்துப் பார்ப்பது ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுக்குள் வருகிறது. அதற்கென்று தனி உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். 2019க்குப் பிறகு இதை மீறினால் குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். தெரு முனை வெல்டிங் கடை, லேத் பட்டறை, கொல்லர் உலை எதுவும் ஆகாது. இருநூறு ரூபாயை மிச்சப்படுத்த ஏழு ஆண்டைப் பணயம் வைக்கிற கணக்கு எனக்குப் புரிந்ததே இல்லை.

குழலை வெட்டிக் குட்டையாக்குவதும் குற்றம். அது 6ஆம் பிரிவு. வீட்டுக்குள் திருப்ப வசதியாக இருக்கும் என்று காணொளி பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாதுகாப்புக்காகவோ விளையாட்டுக்காகவோ இந்த மாதிரி வழுவழுப்பான குழல் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்கச் சட்டம் சொல்வதே குழல் 20 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால்தான்.

வணிகரிடம் போகும்போது உங்கள் நோட்டோடு போங்கள். ‘எல்லாம் பார்த்துச் செய்யுங்கள்’ என்றால் பில் எங்கு நிற்கும் என்று தெரியாது. நான் கேட்டது நான்கே: குழலின் சுவர் கனத்தை அளந்து சொல்ல வேண்டும், அறை நீளத்தை அளவுகோல் விட்டு அளக்க வேண்டும், விளக்குக் கரி பூசிப் பூட்டு எங்கே படிகிறது என்று காட்ட வேண்டும், ஒரு குழலைச் சுட்டால் அதிர்ச்சியில் மற்றதன் குதிரையும் விழுகிறதா என்று விசைகளைப் பார்க்க வேண்டும். இந்த நான்கில் எதிலாவது தேறாவிட்டால் மெருகுக்குச் செலவு செய்வது வீண். மங்கிய குழலுக்கு மறுபடி நீலப்பூச்சு (எஃகின்மேல் ஏற்றும் கருநீல மெருகு), கட்டையில் பூ வேலை எல்லாம் கடைசி. என் பார்வையில் வேண்டாதவை.

6. சுத்தம்

இப்போதுதான் எண்ணெய். தேவையானவை: 12 போருக்கான மரத் துலக்குக் கோல், பித்தளை நார்ப் பிரஷ், பழைய பருத்தி வேட்டி, மண்ணெண்ணெய், தையல் இயந்திர எண்ணெய், ஒரு பழைய செம்புக் காலணா.

கோலைத் தோட்டா அறைப் பக்கத்திலிருந்து விடுங்கள், வாய்ப் பக்கத்திலிருந்து அல்ல. வாய் குறுகலானது, அங்கே கோல் உரசித் தேய்த்தால் ரவை (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள்) பரவும் முறையே மாறிவிடும். அழுக்கும் வெளியேதான் போகும், பூட்டுக்குள் வராது. மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் பத்துப் பதினைந்து முறை, துணி, மறுபடி பிரஷ். துணி வெள்ளையாக வரும்வரை. பெரியப்பாவின் குழலுக்கு மூன்று நாள் மாலை ஆனது. இரண்டாம் நாள் துணியில் சாம்பல் நிற மினுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது, அது ஈயம். வெறும் விரலால் தொடாதீர்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

வெளித்துருவுக்குக் காலணா. துருவின்மேல் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து, நாணயத்தின் விளிம்பால் மெல்லச் சுரண்டினால் துரு பொடியாக எழும்பும். செம்பு எஃகைவிட மிருது என்பதால் நீலப்பூச்சில் கீறல் விழாது. எண் இருக்கும் இடத்தில் சுரண்டவே வேண்டாம்.

மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், துருவைத் தடுக்காது. ஆவியாகிவிட்டால் இரும்பு வெறுமையாக நிற்கும். எனவே முழுதும் துடைத்துவிட்டு இயந்திர எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் கூடாது. நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகி நெம்பைப் பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும். ஒரு வீட்டில் ஆயுதபூசைக்கு ஆயுதபூசை நல்லெண்ணெய் பூசி வந்திருந்தார்கள். உள்ளே கறுப்பு அல்வா.

இன்னொன்று: சுத்தம் செய்துவிட்டு ‘டப்’ என்று விசையை இழுத்துப் பார்க்கும் கை அரிப்பு எல்லோருக்கும் உண்டு. அறை வெறுமையாக இருக்கும்போது அடித்தால் பழைய துப்பாக்கியின் அடிமுள் (தோட்டாவின் அடியைக் குத்தும் முள்) ஒடியலாம். இதற்கென்றே வரும் போலித் தோட்டாக்கள் இரண்டு வாங்கிப் போட்டுப் பழகுங்கள்.

7. கட்டை

கைப்பிடிக் கழுத்தில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். சுடும்போது பின்னுதை முழுதும் அந்த ஒடுங்கிய இடம் வழியாகத்தான் தோளுக்கு வருகிறது. பெவிகால் ஒட்டு நிற்காது. அது வணிகரின் வேலை.

விரிசல் இல்லையென்றால் வார்னிஷ் வேண்டாம். ஆளி விதை எண்ணெயை இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுச் சூடேறத் தேய்த்து, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி. ஐந்தாறு முறையில் மரத்தின் ரேகை எழும்பி வரும். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும்; சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்துக் கொடியில் விரித்துப் போடுங்கள்.

8. தோட்டா

பரணில் கிடந்த பெரியப்பா காலத்துக் காகிதத் தோட்டாக்களைச் சுடாதீர்கள். ஈரத்தில் காகிதம் உப்பும். பித்தளை அடியில் பச்சை பூக்கும். உப்பியது பாதியில் சிக்கும், அல்லது மருந்து பாதி எரிந்து, மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் அடைப்பான் குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அடுத்த தோட்டா அதன்மேல் மோதும். குப்பையிலோ அடுப்பிலோ போடாமல் வணிகரிடமோ காவல் நிலையத்திலோ கணக்கோடு ஒப்படையுங்கள். புதியதை உரிமத்தில் எழுதிய அளவுக்குள், அறை நீளம் பார்த்து வாங்குங்கள்.

9. வைக்கும் இடம்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பொதுவான எதிரி உப்புக் காற்று. தோல் உறை, கம்பளி உறை இரண்டும் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டிவைக்கும். தானே புயல் 2011 டிசம்பர் 30இல் கரையைக் கடந்த பிறகு, தோல் உறைக்குள் இருந்த ஒரு துப்பாக்கியைத் திறந்தபோது உறையின் தையல் வடிவம் அப்படியே துருவாகக் குழலில் பதிந்திருந்தது. உறை பயணத்துக்கு மட்டும். வீட்டில் பூட்டுள்ள இரும்பு பீரோவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு, குழலும் கட்டையும் தனித்தனியாக. நிமிர்த்தி வைத்தால் குழலின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். எண்ணெய் கட்டைக்குள் வடிந்து மரத்தை மென்மையாக்காது. தோட்டா வேறு பூட்டில், சாவி வேறு இடத்தில். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை துடையுங்கள்.

10. வீட்டுக் காவல் என்று சொல்லும்போது

தலையணைக்குப் பக்கத்தில் தோட்டா போட்டுச் சாத்தி வைக்கவா என்று கேட்டவருக்கு வீட்டில் ஆறு வயதுப் பேரன். வேண்டாம் என்றேன், கோபித்துக்கொண்டார்.

தற்காப்பு உரிமை, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது 37. கொள்ளை, இரவில் வீடு புகுதல் போன்றவற்றில் உரிமை எதுவரை நீளும் என்பது 41. முந்திரிக்கொட்டை திருடி ஓடுகிறவனின் முதுகில் சுடுவது இதற்குள் வராது. ரவை சுவரைப் பார்த்து நிற்பதுமில்லை. கீற்று, தகரம், பலகை எல்லாவற்றையும் துளைத்துப் பக்கத்துத் திண்ணைக்குப் போகும். எந்தப் பக்கம் சுடவே கூடாது என்று பகலில் வீட்டைச் சுற்றி நடந்து பார்த்து வையுங்கள். கொல்லைக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாளும் ஒரு விளக்கும் இல்லாமல் துப்பாக்கிக்குச் செலவு செய்தவரை நான் சிக்கனக்காரர் என்று ஒப்புக்கொள்வதில்லை.

11. தேர்தல் வந்தால்

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வரும். கொடுப்பதற்கு முன் குழலின் உள்ளும் புறமும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனமாக எண்ணெய் பூசுங்கள். எத்தனை வாரம் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. துப்பாக்கியின் அடையாள எண்ணையும் அது இருக்கும் நிலையையும் குறித்து ரசீது வாங்குங்கள். திரும்ப வந்ததும் எண்ணெயைத் துடைத்தெடுத்து, குழலைப் பிரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, இரண்டு பக்கமும் ஊடாகப் பாருங்கள். என் குளவியை நான் கண்டது அப்படித்தான்.